பலாலியும் மத்தளையின் வழியில் போகுமா?

கேள்வி: இலங்கையின் தெற்கே உள்ள மத்தளை விமான நிலையத்தின் முகாமைத்துவத்தை இந்திய, ரஷ்ய நிறுவனங்களிடம் 30 வருடங்களுக்கு ஒப்படைக்க 2024இல் அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் அப்படியொரு திட்டம் வந்தால் எமக்கு நன்மையா?

மறுமொழி: இரண்டையும் ஒப்பிட முடியாது. 2013இல் திறக்கப்பட்ட மத்தளையில் நீண்ட ஓடுபாதை உண்டு, பயணிகள்தான் மிகக் குறைவு. 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலிக்கோ சென்னைப் பயணிகள் இருக்கிறார்கள், ஆனால் இறங்குபவை ஏடிஆர் வகைச் சிறிய விமானங்கள். சென்ற முறை மாமி, நிறை கூடியதென்று இரண்டு கூறைச்சேலைகளைச் சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மறுமொழி: பலாலி ஓடுபாதையை நீட்டுவதென்றால் அதைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்குக் காணிகள் வேண்டும். அங்கே அம்மம்மாவின் கிணறு இன்னமும் இராணுவத்தின் முட்கம்பி வேலிக்கு அப்பால் கிடக்கிறது. நிலையத்தை யார் நடத்தினாலும், காணிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியது அரசுதான்.

கேட்டவர்: காணி விடயத்தை நான் யோசிக்கவேயில்லை, நன்றி.