கம்ப்ளீட் ஸ்ட்ரீட்ஸ்: ‘நிறைதெரு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நடப்பவர் முதல் கார்க்காரர் வரை எல்லாருக்கும் இடம் விட்டு வடிவமைக்கும் தெருவை ஆங்கிலத்தில் ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்ஸ்’ (complete streets) என்கிறார்கள், அதற்கு ஒரு தமிழ்க் கலைச்சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை வந்த பரிந்துரைகள்: முழுமைத் தெரு, பகிர்தெரு, சமதெரு, அனைவருக்குமான சாலை. நான் ‘நிறைதெரு’வை முன்வைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன் பொருளைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனென்றால் பேச்சில் இரண்டு மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

சாலை போடும்போது நடப்பவருக்கும் சைக்கிள்காரருக்கும் சேர்த்தே இடம் விட வேண்டும் என்று அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1971-லேயே சட்டம் போட்டது. ஆனால் அப்போது இந்தப் பெயர் இல்லை. ‘வழக்கமாக இடமளித்தல்’ என்ற பொருளில் ஒரு சுவையற்ற அலுவலகத் தொடர்தான் ரொம்ப காலம் ஓடிக்கொண்டிருந்தது. அது யார் வாயிலும் நிற்கவில்லை என்று 2003-ல் பார்பரா மெக்கான் என்ற அமெரிக்கச் செயற்பாட்டாளர் தன்னோடு வேலை செய்தவர்களிடம் வேறு சொல் கேட்டார், அவர்களில் டேவிட் கோல்ட்பெர்க் என்பவர் ‘கம்ப்ளீட் ஸ்ட்ரீட்ஸ்’ என்றார், அது ஒட்டிக்கொண்டது. நாம் இப்போது செய்வதைப் போலவே நாலு பேர் கூடி யோசித்துப் பிறந்த சொல்தான் அது. அந்தச் சொல் வந்த பிறகுதான் நகரங்கள் அதைத் தங்கள் கொள்கைக்குப் பெயராக வைத்து வரிசையாகத் தீர்மானம் போட்டன. அதனால் நல்ல சொல்லுக்காக நாம் இவ்வளவு மெனக்கெடுவது வீண் இல்லை.

பொருள் இதுதான்: ஒரு தெருவின் அகலத்தை, அதைப் பயன்படுத்தும் எல்லாருடைய தேவையையும் கணக்கில் எடுத்துப் பிரித்துக் கொடுப்பது. நடப்பவர், சக்கர நாற்காலியில் வருபவர், சைக்கிள் ஓட்டுபவர், பஸ்ஸுக்கு நிற்பவர், கார்க்காரர். இடத்தை *பிரித்துக் கொடுப்பது* என்பதை அழுத்திச் சொல்கிறேன். நெதர்லாந்தில் டெல்ஃப்ட் நகரில் தொடங்கி 1976-ல் சட்ட அங்கீகாரம் பெற்ற ‘வோனெர்ஃப்’ வேறு விஷயம். அங்கே நடைபாதை மேடு கிடையாது, கோடு கிடையாது, குழந்தைகள் விளையாடும் அதே தரையில் காரும் நடை வேகத்தில் ஊர்ந்து வரும். பகிர்தெரு என்ற அழகான சொல் அதற்குத்தான் பொருந்தும், அதை இங்கே செலவழித்துவிட வேண்டாம். சமதெருவுக்கும் இதே சிக்கல்: ‘சம’ என்றதும் மேடுபள்ளம் இல்லாத தரை நினைவுக்கு வருகிறது. தவிர, இங்கே யாருக்கும் சம அளவு கொடுப்பதில்லை, தேவைக்கு ஏற்ற அளவுதான்.

‘முழுமைத் தெரு’வை ஏன் ஏற்க முடியவில்லை என்றால், நம் ஊரில் ஒரு சாலையோடு ‘முழுமை’யைச் சேர்த்துக் கேட்டதும் ஒப்பந்ததாரர் வேலையை முடித்துவிட்டார் என்றுதான் தோன்றும். ‘பணி முழுமை பெற்ற சாலை’ என்று தினமும் செய்தியில் படிக்கிறோம். தார் போட்டு முடித்த அந்தச் சாலையில் நடக்க ஒரு அடி இடம் இல்லாமல் இருக்கலாம். ‘அனைவருக்குமான சாலை’ தெளிவானது, விளக்கமாக எழுதும்போது நானும் அதையே எழுதுவேன். ஆனால் கலைச்சொல்லாக நீளம். பின்னால் கொள்கை, வடிவமைப்பு, தணிக்கை என்று ஒன்றைச் சேர்த்துப் பாருங்கள், இழுத்துக்கொண்டே போகும்.

இப்போது நிறைதெரு. நிறைகுடம், நிறைமாதம் போல வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது, நிறை என்றாலே குறையும் கூடவே வந்துவிடுகிறது. நிறைகுடம் குறைகுடம், நிறைமாதம் குறைமாதம் என்று நம் வீட்டில் எல்லாரும் சொல்கிறோம். அப்படியே நிறைதெரு, குறைதெரு. குறைதெரு என்று சொன்னவுடனே அடுத்த கேள்வி தானாக வரும்: என்ன குறை? யாருக்குக் குறை? இந்தக் கேள்விதான் இந்தக் கருத்தின் உயிர்.

சென்னையில் எந்தப் பெரிய சாலையை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதை இருக்கிறது என்று கணக்கில் இருக்கும். சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் 2012 வழிகாட்டுதல்படி நடக்கத் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும், மேட்டின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நேரில் போனால் நடுவில் ஒரு மின்பெட்டி நிற்கும், அதைச் சுற்றி இறங்கி ஏறினால் அடுத்த வீட்டுக்காரர் தன் காரை உள்ளே ஏற்ற வெட்டிய சரிவு, அதற்கடுத்து வரிசையாக பைக்குகள். ஆக, நடப்பவர் சாலையில் இறங்கிவிடுவார். பஸ் நிறுத்தத்திலும் இதே கதைதான். ஓரத்தில் ஆட்டோவும் பைக்கும் நிற்பதால் பஸ் ஓரம் கட்ட முடியாமல் நடுச்சாலையில் நிற்கும், பையும் குழந்தையுமாக ஓர் அம்மா இரண்டு வண்டிகளுக்கு இடையே புகுந்து ஓடிப்போய் ஏறுவார். இப்போது தாழ்தளப் பேருந்துகள் வந்துவிட்டன, தளம் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர்தான், சக்கர நாற்காலி ஏற சாய்பலகையும் உண்டு. ஆனால் வண்டி நடைபாதையை ஒட்டி வந்து நின்றால்தான் அந்தப் பலகைக்குப் பயன். பஸ் நிறைவாக இருக்கிறது, தெரு குறையாக இருக்கிறது. அப்புறம், ‘தாழ்தளம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் செய்தித்தாள் முதல் பயணிகள் வரை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் இப்படி இரண்டு சின்னச் சொற்கள் சேர்ந்ததுதான்.

ஒரு மாற்றத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். அமெரிக்க வரையறையில் நடப்பவர், சைக்கிள், பஸ், கார் என்றுதான் பொதுவாகப் பட்டியல் வரும். நம் தெருவில் பூக்காரரும் இளநீர்க்காரரும் உண்டு, அவர்களுக்கென்று 2014-ல் நடுவண் சட்டமே வந்திருக்கிறது. தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறந்தபோது எல்லாரும் மகிழ்ந்தோம், மாலையில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க இன்றும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அங்கிருந்த தெருவோரக் கடைகளை ஒரு வளாகத்துக்குள் மாற்றியிருந்தார்கள். என் பார்வையில் அது இன்னும் நிறைதெரு ஆகவில்லை. சொல்லைப் பதிவு செய்யும்போது வரையறையில் தெருவோர வியாபாரியையும் எழுதிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, தெருவா சாலையா வீதியா? ‘தெரு’ என்றால் குடியிருப்புச் சந்து போலத் தெரிகிறது, பஸ் ஓடும் சாலைக்கு ஒட்டாது என்று ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கவலை. சென்னையில் பஸ் செல்லும் சாலைகளுக்கு மாநகராட்சியில் தனித் துறை, உட்புறச் சாலைகளுக்கு மண்டல அலுவலகம், சில பெரிய சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையிடம். தெரு என்று எழுதினால் ‘இது எங்களுக்கு இல்லை’ என்று பெரிய துறைகள் ஒதுங்கக்கூடும். ஆனாலும் நான் தெரு பக்கம்தான். சாலை என்றால் இங்கிருந்து அங்கே போவதற்கு. தெரு என்றால் அங்கே ஆள் இருக்கிறார், கடை இருக்கிறது, நின்று பேசலாம். அண்ணா சாலையையும் ஒரு தெருவாகப் பார் என்று பொறியாளரிடம் சொல்வதுதானே நோக்கம்! இலங்கை நண்பர்களுக்கு வீதி என்பதுதான் இயல்பு, அங்கே துறையின் பெயரே வீதி அபிவிருத்தி அதிகார சபை. ‘நிறைவீதி’யை இணைச்சொல்லாகப் பதிவு செய்யலாம், ஒலியும் நன்றாக இருக்கிறது.

துணைச் சொற்கள் பற்றிச் சுருக்கமாக. பஸ்ஸுக்கு மட்டும் ஒதுக்கிய பகுதியைப் ‘பேருந்துத் தடம்’ என்றால் தட எண்ணோடு குழப்பம் வரும், ‘பேருந்துத் தனிவழி’ பரவாயில்லை. வேகத்தைக் குறைக்கச் செய்யும் ஏற்பாடுகளுக்குப் போக்குவரத்துத் தணிப்பைவிட ‘வேகத்தணிப்பு’ நேரடியானது. சாலையில் வண்டிக்கான வரிசைகளைக் குறைத்து மற்றவர்களுக்கு இடம் கொடுப்பதை ஒருவர் ‘சாலைச் சுருக்கம்’ என்றார், எனக்கு அதில் உடன்பாடில்லை. சாலையின் அகலம் அப்படியேதான் இருக்கிறது, ஓர் அடிகூடச் சுருங்கவில்லை. கைமாறுவது மட்டும்தான். ‘தெரு மறுபங்கீடு’ என்றால் நடப்பதை உள்ளபடி சொல்கிறது. டெல்லியில் 2008-ல் பஸ்ஸுக்குத் தனிவழி ஒதுக்கியபோது ‘எங்கள் சாலையைப் பறித்துவிட்டார்கள்’ என்ற குரல்தான் பெரிதாகக் கேட்டது, சில ஆண்டுகளில் அதைப் பெயர்த்தே எடுத்தார்கள். சொல் ஒன்றே அதைக் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல வரவில்லை, ஆனால் சுருக்கம் என்ற பெயரை நாமே கொடுத்து எதிர்ப்புக்கு வழி விட வேண்டாம்.

‘மோட்டார் இல்லாப் போக்குவரத்து’ பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை மாநகராட்சி 2014-ல் கொண்டுவந்த கொள்கையின் பெயரே அதுதான், போக்குவரத்துச் செலவில் 60 விழுக்காடு நடைக்கும் சைக்கிளுக்கும் என்று இலக்கு வைத்த நல்ல கொள்கை. ஆனால் நடப்பவரை மோட்டார் இல்லாதவர் என்று ஏன் அழைக்க வேண்டும்? ‘நடையும் மிதியும்’ என்று எழுதிப் பார்த்தேன், பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, ஆவணத்துக்கு நிற்குமா தெரியவில்லை. ஈருருளி, மிதிவண்டி, துவிச்சக்கர வண்டி என்று ஊருக்கு ஊர் வேறு சொல் வைத்திருப்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?