பி.எஸ்சி. நர்சிங் பயிற்சியில் மறக்காத ஒரு சந்திப்பு

தாமிரபரணி:

பிளஸ் டூ முடிவுகள் வந்த நாளிலிருந்து உறவினர்களின் அழைப்பு ஓயவில்லை. "பெண்ணை நர்சிங்கில் சேர்க்கலாமா?" என்பதுதான் எல்லாருக்கும் கேள்வி. நான்கு வருடப் படிப்பு; 2021-ல் இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை மாற்றியதிலிருந்து எட்டு செமஸ்டர். நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு. முடித்ததும் சென்னையிலுள்ள தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் வேலை பார்க்க முடியும். இவ்வளவையும் சொல்லி முடித்த பிறகும் எதிர்முனையில் ஒரு தயக்கம் தெரிகிறது. வார்டுக்குள் என்னதான் நடக்கும் என்பதைத்தான் அவர்கள் கேட்க நினைக்கிறார்கள். அதை நாம்தான் சொல்ல வேண்டும். பயிற்சிக் காலத்தில் நீங்கள் சந்தித்த ஒருவரைப் பற்றி எழுதுங்கள். சேவை, தியாகம், விளக்கேந்திய சீமாட்டி என்பதெல்லாம் மே 12 செவிலியர் தின மேடைக்கு இருக்கட்டும்.

நானே தொடங்குகிறேன். ஆண்கள் மெடிக்கல் வார்டில் எனக்குக் கேஸ் ஸ்டடிக்கு வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இதயச் செயலிழப்பு, இரண்டு கால்களிலும் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் லாசிக்ஸ் ஊசி போய்க்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது என்று டாக்டர் எழுதியிருந்தார். உட்கொண்டது எவ்வளவு, சிறுநீராக வெளியேறியது எவ்வளவு என்று குறிக்கும் சார்ட் அவர் கட்டிலில் தொங்கியது. அதில் எல்லாம் ஒழுங்கு: உள்ளே 900, வெளியே 1,200. ஆனால் காலையில் எடை பார்த்தால் தினமும் ஏறிக்கொண்டே இருந்தது. தாள் ஒன்று சொல்கிறது, தராசு வேறொன்று சொல்கிறது.

வார்டு வழக்கப்படி ஒரு டம்ளர் என்றால் 150 மில்லி. நோயாளி ஆறு டம்ளர் என்று சொன்னால் ஷிப்டில் இருப்பவர் 900 என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். அவருடைய டம்ளரை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் டம்ளர், அடியில் அவருடைய மனைவியின் பெயர் பொறித்திருந்தது. 50 மில்லி சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். ஆறு முறை ஊற்றியும் விளிம்பு வரவில்லை. போதாக்குறைக்கு மதியம் ரசம், மோர், சாயங்காலம் பாதி இளநீர். அதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கு, தண்ணீர்க் கணக்கில் வராது என்று அந்த அம்மா உறுதியாகச் சொன்னார்.

கண்டக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தனை தடவை குடித்தீர்கள் என்றுதானே கேட்டார்கள்? எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லையே!" நியாயமான பேச்சு. வார்டிலிருந்த அளவு ஜாடியை அவர் பக்கத்திலேயே வைத்தோம். பென்சிலை வாங்கிக்கொண்டு கணக்கை அவரே எழுதத் தொடங்கினார். ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் கணக்கு எழுதிப் பழகிய கை; ரசத்தைக்கூட விடவில்லை. சில நாட்களில் எடை இறங்க ஆரம்பித்தது. மருந்தின் அளவை ஏற்றலாமா என்று ரவுண்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தது அதோடு நின்றது.

மேட்டூர்க்காரன்:

அக்கா, தாளையும் தராசையும் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் கேஸ் புக்கைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

நான் படித்தது பழைய பாடத்திட்டம். மகப்பேறு நர்சிங்கில் 30 கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க வேண்டும், 20 சுகப்பிரசவம் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றையும் கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வகுப்பில் ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பிரசவ வார்டு வாசலில் எங்களுக்கு வரவேற்பு எப்போதும் ஒன்றுதான்: "ஆண் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை?" உள்ளே இருக்கும் டாக்டர் ஆண், மயக்க மருந்து கொடுப்பவர் ஆண். அவர்களை யாரும் கேட்பதில்லை. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இருந்தால் ஆண் டாக்டர், கையில் கிட்னி டிரே இருந்தால் ஆண் பிள்ளை. கல்லூரியும் இதற்காக வாதாடவில்லை. பெண்களை உள்ளே அனுப்பிவிட்டு எங்களைப் பயிற்சிப் பொம்மையோடு உட்கார வைத்தது. கேஸ் புக் மட்டும் எல்லாருக்கும் ஒரே நாளில் நிறைந்தது. இருபதும் உண்மை என்பவர்கள் கையைத் தூக்குங்கள்.

எனக்கு முதலாவதாகக் கிடைத்தது நைட் டியூட்டியில், வேறொரு மருத்துவமனைக்குப் போஸ்டிங் போனபோது. மூன்று டேபிளிலும் ஆள், ஸ்டாஃப் சிஸ்டர் ஒருவர்தான். மலைக்கிராமத்திலிருந்து இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த பெண்ணுக்குத் துணை மாமியார் மட்டும். வலி வரும்போதெல்லாம் இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுத்தச் சொன்னார் சிஸ்டர். அழுத்தினேன். மாமியார் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கை கடுக்க ஆரம்பித்தபோது சிஸ்டர் வேறு ஆளை அனுப்பப் பார்த்தார். அந்தப் பெண் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "அந்தத் தம்பி இருக்கட்டும்."

அதற்குப் பிறகு வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. தலை தெரிந்தபோது இடக்கை விரல்கள் குழந்தையின் தலையில், வலக்கை பேடோடு கீழே. சிஸ்டரின் கை என் கைமேல். தலை வந்ததும் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறதா என்று விரலால் தேடச் சொன்னார். ஒரு சுற்று, தளர்வாக இருந்தது. தலைக்கு மேலாக வளையலைக் கழற்றுவது போல் கழன்று வந்தது. துடைத்துத் தாயின் வயிற்றில் போட்டதும் அழுகை. ஒரு நிமிடத்துக்குள் கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசின் 10 யூனிட் தாயின் தொடையில். நஞ்சுக்கொடி வந்த பிறகுதான் உண்மையான பாடம். டிரேயில் அதை விரித்து, மடல்களைச் சேர்த்து வைத்து, எங்காவது துண்டு விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஒரு துண்டு தங்கினாலும் ரத்தப்போக்கு நிற்காது. வெட்டிய தொப்புள்கொடியின் முனையில் இரண்டு தமனி, ஒரு சிரை. படத்தில் சிவப்பும் நீலமுமாகப் பார்த்தது, இங்கே மூன்று சிறு புள்ளிகள்.

விடியற்காலையில் மாமியார் வந்து எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அடுத்து எந்தத் தெரு என்று கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று தெரியும், சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

நைட்டியூட்டி:

நான் கையைத் தூக்குகிறேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவுப் போஸ்டிங் கிடைத்தால் இருபது ஒரு பெரிய எண்ணே இல்லை. நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். குறை மாணவர்களிடம் இல்லை, அனுப்பும் இடத்தில் இருக்கிறது.

கெடிலக்கரை:

எனக்கு மனநலப் பிரிவு. பல மாவட்டங்களிலிருந்தும் நர்சிங் மாணவிகள் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்குத்தான் போஸ்டிங் போவார்கள். 1794-ல் தொடங்கிய நிறுவனம். உள்ளே பழைய மரங்களைப் பார்த்தாலே வயது தெரியும். நாங்கள் பயந்துகொண்டுதான் போனோம். பயத்தை முதல் நாளே உடைத்தவர் எனக்கு ஒதுக்கப்பட்ட அம்மா. ஐம்பது வயதிருக்கும், பல வருடங்களாக அங்கேயே இருப்பவர்.

மனநிலைப் பரிசோதனைக்கு ஒரு வரிசை உண்டு. இன்று என்ன கிழமை, இது என்ன இடம் என்று கேட்க வேண்டும். பிறகு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்ல வேண்டும். ஒரு பழமொழிக்கு அர்த்தம் கேட்க வேண்டும். தெருவில் தபால்தலை ஒட்டிய கடிதம் கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். நான் நோட்டைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "கிழமை புதன். 93, 86, 79, 72, 65. போதுமா, இன்னும் வேண்டுமா?" ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அவர்தான் கேஸ். வரிசை அவருக்கு மனப்பாடம். அவருடைய கோப்பிலும் கவனம், கணக்கு எல்லாம் நன்று என்று பேட்ச் பேட்ச்சாக ஒரே வாக்கியம்.

தொண்ணூறிலிருந்து நான்கு நான்காகக் கழிக்க முடியுமா என்று கேட்டேன். நிறுத்தினார். "இது புதிதாக இருக்கிறதே" என்று சிரித்தார். விரல்விட்டு எண்ணி 86, 82 வரை வந்து, பிறகு வெகுநேரம் தேடினார். கோப்பில் இல்லாத ஒன்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்றதற்கு, "அர்த்தத்தைப் போன வருடப் பிள்ளையிடமே சொல்லிவிட்டேன். உனக்கு எங்கே சறுக்கியது, அதைச் சொல்" என்றார். கடிதக் கேள்விக்கு, "இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்? கேள்வியை மாற்றச் சொல் உன் டீச்சரிடம்."

பேசியதை வரிக்கு வரி எழுதி, நர்ஸ் என்ன உத்தியைப் பயன்படுத்தினார் என்று கடைசிப் பத்தியில் குறிக்க வேண்டும். மௌனமாகக் கேட்பது, சொன்னதைத் திருப்பிச் சொல்லித் தூண்டுவது, பதிலை அடைக்காத கேள்வி கேட்பது என்று புத்தகத்தில் இருந்த அத்தனையும் எங்கள் உரையாடலில் இருந்தது. பயன்படுத்தியவர் அவர். அப்படியே எழுதிக் கொடுத்தேன். டியூட்டர் மேடம் மதிப்பெண் குறைத்தார். ஆனால் மறுவாரம் வகுப்பில் அதைத்தான் வாசித்துக் காட்டினார்.

வெள்ளைத்தொப்பி:

பிள்ளைகளே, நான் ஓய்வுபெற்றவள். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்கவைத்து ஊசி போட்ட தலைமுறை. டிப்ளமோவோடு வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. இரண்டு வருடம் படித்தேன். வகுப்பில் டியூட்டர் என்னைவிடச் சின்னவர். அனுபவம் இருக்கும்போது டிகிரி எதற்கு என்று வீட்டிலேயே கேட்டார்கள். எதற்கென்று எனக்குத் தெரிந்தது சமுதாய நலப் போஸ்டிங்கில்.

கிராமத்தில் வீடு வீடாகப் போக வேண்டும். திண்ணையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, கை கழுவி, அப்புறம்தான் பையைத் திறக்கலாம். உள்ளே ஸ்பிரிட் விளக்கு, டெஸ்ட் டியூப், பெனடிக்ட் கரைசல், அசிட்டிக் அமிலம். குளூக்கோமீட்டர் காலத்தில் இதென்ன பழங்காலக் கூத்து என்று கூடப் படித்த சின்னப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு.

எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருத்தி, தலைப்பிரசவம். கர்ப்பிணி அட்டையில் ஒவ்வொரு மாதமும் ரத்த அழுத்தம் 110/70. ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே எண். இத்தனை வருட வேலையில் எல்லா மாதமும் ஒரே அழுத்தம் உள்ள மனிதரை நான் பார்த்ததில்லை. அவள் காலைப் பார்த்தேன். மெட்டி சதைக்குள் பதிந்திருந்தது. முகமும் உப்பியிருந்தது. "பிள்ளை தண்ணீர், அப்படித்தான் இருக்கும்" என்றார் பாட்டி. அளந்தேன், 150/100. சற்றுப் படுக்கவைத்து மறுபடி அளந்தேன், இறங்கவில்லை.

சிறுநீரை டியூபில் முக்கால் பங்கு எடுத்து, மேல்பகுதியை மட்டும் விளக்கில் காட்டினேன். மேலே வெண்மையாகக் கலங்கியது. இதோடு முடிவு சொல்லக் கூடாது. பாஸ்பேட் இருந்தாலும் கலங்கும். சில துளி அசிட்டிக் அமிலம் விட்டால் பாஸ்பேட் கலங்கல் தெளிந்துவிடும், புரதம் என்றால் நிற்கும். நின்றது. ரத்த அழுத்தத்தோடு சிறுநீரில் புரதமும் இருந்தால் கர்ப்பிணிக்கு வலிப்பு வரும் ஆபத்து உண்டு. தலைவலி உண்டா என்று கேட்டேன். நேற்றிலிருந்து கண்ணெதிரே பூச்சி பறக்கிறது என்றாள். அப்புறம் அந்தத் திண்ணையில் நான் உட்காரவில்லை. 108-ஐ அழைத்து, சிக்கலான பிரசவங்களைப் பார்க்கும் சீமாங் மையம் உள்ள மருத்துவமனைக்கு நேரே கொண்டுபோகச் சொன்னேன். வலிப்பு வரும் முன் போய்ச் சேர்ந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

அந்த எண்களை எழுதியவரைத் திட்டச் சொல்லாதீர்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. ஒரு கிராம சுகாதார செவிலியர் தடுப்பூசி, குடும்பநலம், கர்ப்பிணிகளைக் கணினியில் ஏற்றும் பிக்மி பதிவு, கூட்டம் என்று ஓடிக்கொண்டிருப்பார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவருடைய பையில் ரத்த அழுத்தக் கருவி வேலை செய்ததா என்று கேட்காமல் நான் எதையும் சொல்ல மாட்டேன்.

ஒரு தகப்பன்:

எல்லாவற்றையும் படித்தேன். என் மகளுக்குத் தனியார் கல்லூரி ஒன்றில் இடம் தருவதாகச் சொல்கிறார்கள். சொந்த மருத்துவமனை இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். கட்டணத்தைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

தாமிரபரணி:

ஐயா, இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி. நர்சிங் கல்லூரிக்கு 100 படுக்கையுள்ள சொந்த மருத்துவமனை வேண்டும். படுக்கை இருக்கும், ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலை நாளில் காலை பத்து மணிக்கு, சொல்லிக்கொள்ளாமல், யாரையோ பார்க்க வந்தவர் போல வார்டுக்குப் போங்கள். ஆய்வு நாளில் மட்டும் கட்டில்கள் நிரம்பும் இடங்கள் உண்டு. விரிப்பில் மடிப்பு கலையாமல், பக்கத்து அலமாரியில் ஒரு டம்ளர்கூட இல்லாமல் வரிசையாகக் கட்டில் கிடந்தால் வேறு கல்லூரி தேடுங்கள். பிரசவத்துக்கும் குழந்தைகள் பிரிவுக்கும் எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்று முதல்வரிடம் கேட்க வேண்டாம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்.

டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடமே விசாரியுங்கள், கல்லூரியின் அறிவிப்புப் பலகையை நம்ப வேண்டாம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வார்களா, இடையில் நின்றால் என்ன கேட்பார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். அரசுக் கல்லூரியில் கிடைத்துவிட்டால் இந்த அலைச்சலே வேண்டாம். போய்விட்டு வந்து எந்த வார்டில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.