அம்மாயி சொன்ன சுருக்குப்பைக் கதை

நான் கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் தமிழ் மீடியத்தில் மூன்றாம் வகுப்பு படித்தபோது நடந்தது இது. எங்கள் வாயனசாலையில், அதாவது நூலகத்தில், படப் புத்தகம் எல்லாம் மலையாளத்தில்தான் இருக்கும், எனக்கோ மலையாளம் பேச வருமே தவிர எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு புத்தகத்தைக் கீழே வைக்க மனசே வரவில்லை. வெள்ளை வெளேரென்ற காட்டில் ஒற்றைக் கையுறை கிடக்க, அதற்குள்ளிருந்து ஓர் எலி எட்டிப் பார்க்கிறது. சோவியத் நாட்டில் அச்சாகி வந்தது. இதே மாதிரிப் புத்தகங்கள் தமிழிலும் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மூலம் வந்துகொண்டிருந்தன என்பது கோவைக்குப் படிக்கப் போன பிறகுதான் தெரிந்தது, அதற்குள் 1991இல் சோவியத்தே கலைந்து புத்தக வரத்தும் நின்றுவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். புத்தகத்தை அம்மாயியிடம், அதாவது அம்மாவின் அம்மாவிடம், நீட்டினேன். அவருக்கு எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது, கையுறையையும் பனியையும் கண்டதில்லை. "இது சுருக்குப்பை கண்ணு, சந்தைக்குப் போன பாட்டி உட்டுட்டுப் போயிட்டா, சுத்தியும் இலவம்பஞ்சு வெடிச்சுக் கெடக்குது பாரு" என்று ஆரம்பித்துவிட்டார். எலி, தவளை, முயல், நரி, ஓநாய், காட்டுப்பன்றி, கடைசியில் கரடி என்று ஒவ்வொன்றாக உள்ளே நுழைய, ஒவ்வொன்றுக்கும் அம்மாயி ஒரு குரல் வைத்திருந்தார்.

இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன், பக்கம் புரளப் புரள அந்தக் கையுறை வீடாக மாறிக்கொண்டே போகிறது. ஏணி வருகிறது, ஜன்னல் வருகிறது, புகைபோக்கி வருகிறது! குழந்தைப் புத்தகத்தில் படம் என்பது எழுத்துக்குத் துணை இல்லை, அதுவே தனியாக ஒரு கதை சொல்லும் என்று நான் நம்புவது அன்றைக்கு ஆரம்பித்ததுதான். அது உக்ரைன் நாட்டுப்புறக் கதை, வரைந்தவர் ராச்சோவ் என்பதெல்லாம் ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டது.

இப்போது என் மகள் மலையாள மீடியம். போன வருஷம் அதே புத்தகம் கிடைத்தது, அவளே எழுத்துக் கூட்டிப் படித்து, "அம்மா, இது ஒரு தாத்தாவோட கையுறையாம்" என்றாள். அப்புறம் அம்மாயியின் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து ராத்திரி படுக்கும்போது அவள் கேட்பது சுருக்குப்பைக் கதையைத்தான். கடைசியில் ஒரு நாய் வந்து குரைத்ததும் எல்லா மிருகங்களும் சிதறி ஓடும். அம்மாயி அதற்கு எங்கள் வீட்டு நாயின் பெயரான மணி என்பதையே வைத்திருந்தார். அந்தப் பக்கம் வந்ததும் என் மகள் எழுந்து உட்கார்ந்து, "மணீ..." என்று கூப்பிடுகிறாள்.