மலை ரயிலை ஓர் அறைக்குள் அமைக்க முடியுமா? பொறியாளரான அப்பாவுக்காக ஒரு கேள்வி

கேள்வி: குன்னூர் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா இயந்திரவியல் பொறியாளர். பணிக்காலம் முழுவதையும் சமவெளியில் உள்ள தொழிற்சாலைகளில் கழித்துவிட்டு, இப்போது குன்னூரில் எங்களோடு இருக்கிறார். மாதிரி ரயில் அவருக்கு ஓய்வுக்குப் பிறகு தொற்றிக்கொண்ட ஆசை அன்று. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் நீலகிரி மலை ரயிலில் ஏறி, பாலங்கள், சுரங்கப்பாதை முகப்புகள், தண்ணீர்க் குழாய்கள் என ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட நோட்டில் வரைந்து வைத்தவர். அந்தப் படங்களின் வலது கீழ் மூலையில், தொழிற்சாலை வரைபடத்தில் இருப்பது போலவே, அளவு விகிதமும் தேதியும் சுருக்கக் கையொப்பமும் தவறாமல் இருக்கும்.

இப்போது மாடியில் நான்கு மீட்டருக்கு மூன்று மீட்டர் அறை ஒன்றை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம். கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்சக்கரப் பாதை (தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தை எஞ்சினின் பல்சக்கரம் கடித்து ஏறும் பாதை) முழுவதையும் அதற்குள் அமைக்க வேண்டும் என்கிறார். இது நடக்கக்கூடியதா, எந்த அளவில் செய்யலாம், எங்கள் ஊர் ஈரத்தை இது தாங்குமா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும். பாதியில் நின்றுபோய் அவர் மனம் சோர்ந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் 1: கோவை ஆர்வலர்

சகோதரி, முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதிரி ரயிலில் உலகெங்கும் பரவலாக உள்ள அளவு எச்.ஓ., அதாவது 87-இல் ஒரு பங்கு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏறத்தாழ 20 கி.மீ.; அந்த அளவில் சுருக்கினாலும் சுமார் 230 மீட்டர் தண்டவாளம் தேவைப்படும். உயரம் அதைவிடப் பெரிய தடை. ரயில் அந்தத் தொலைவுக்குள் சுமார் 1,300 மீட்டர் ஏறுவதால், மாதிரியிலும் 15 மீட்டர் ஏற வேண்டியிருக்கும். இன்னும் சிறிய 'என்' (N) எனப்படும் அளவுக்கு, அதாவது 160-இல் ஒரு பங்குக்குப் போனாலும் எட்டு மீட்டருக்குக் குறையாது. ஆகவே முழுப்பாதை எந்த அறையிலும் அடங்காது. இதை அப்பாவிடம் மறைக்க வேண்டாம். பொறியாளரான அவரே இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருப்பார்.

ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் எச்.ஓ. அளவு உங்கள் அறைக்குப் பொருந்தும். நம் மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் என்பதால், அதற்கு 12 மி.மீ. இடைவெளியுள்ள தண்டவாளம் சரியாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் மலைப்பாதைகளுக்காக, உண்மையாகவே பல் கடித்து ஏறும் பற்சட்டமும் எஞ்சினும் இதே அளவில் விற்பனையில் உள்ளன. நம் பாதையின் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் சுமார் 100 மீட்டர். மாதிரியில் அது 1.15 மீட்டர்தான். மூன்று மீட்டர் அகலமுள்ள அறையில் அந்த வளைவைச் சிறிதும் குறுக்காமல் போட முடியும் என்பது பெரிய வாய்ப்பு.

பதில் 2: வெலிங்டன், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்

அம்மா, ஒரு பகுதிதான் என்றால் குன்னூர் நிலையத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1899-இல் ரயில் அதுவரைதான் வந்தது. ஊட்டிக்கு நீட்டியது 1908-இல். கீழே 12-க்கு 1 (12 மீட்டர் தூரத்துக்கு 1 மீட்டர் ஏற்றம்) என்ற சரிவில் பல்சக்கரத்தால் ஏறிவரும் வண்டிக்கு அங்கே எஞ்சின் மாறும். அதன் பிறகு வண்டி சற்றுத் தூரம் பின்னால் வந்துதான் ஊட்டிப் பாதையைப் பிடிக்கும். மேலே பல்சக்கரம் கிடையாது, சரிவும் குறைவு. எஞ்சின் கொட்டகையும் அங்கேயே இருக்கிறது. ஒரே நிலையத்தில் இவ்வளவு வேலை இருக்கும்போது, ரயில் வெறுமனே வட்டம் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காட்டேரிப் பக்கம் இறங்கும் பாதையில் மூன்று மீட்டர் நீளத்துக்கு மட்டும் பற்சட்டம் போட்டால் 25 செ.மீ. இறக்கம் கிடைக்கும். சரிவின் கடுமை கண்ணுக்குத் தெரிய அது போதும்.

இன்னொன்றையும் அவர் விட்டுவிடக் கூடாது. ஏறும்போது எஞ்சின் எப்போதும் கீழ்ப்புறம் நின்று பெட்டிகளைத் தள்ளும்; ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன், அதாவது பிரேக் போடும் ஊழியர், நிற்பார். அந்த ஆட்கள் இல்லாமல் செய்தால் அது எங்கள் ரயிலாக இருக்காது.

குன்னூர் மகள்

இருவருக்கும் நன்றி. படித்துக் காட்டினேன். குன்னூர் நிலையம் என்றதும் பழைய நோட்டுகளை எடுத்துப் புரட்டத் தொடங்கிவிட்டார். சக்கரத்தையும் பல்சக்கரத்தையும் ஒரே மோட்டாரால் இயக்கலாமா என்று கேட்கச் சொன்னார். வயதான காலத்தில் இவ்வளவு செலவும் சிரமமும் எதற்கு என்பது அம்மாவின் கேள்வி.

பதில் 3: கேத்தி பொறியாளர்

அவர் கேட்டிருப்பது சரியான கேள்வி. நம் பாதைக்காக சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் கட்டப்பட்ட எக்ஸ் வகை எஞ்சினில் பக்கத்துக்கு இரண்டு சிலிண்டர்கள், ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். உயர் அழுத்தச் சிலிண்டர்கள் ஓடும் சக்கரங்களை இயக்கும். அவற்றிலிருந்து வெளிவரும் நீராவி, பற்சட்டப் பகுதியில் மட்டும், குறை அழுத்தச் சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரங்களைச் சுழற்றும். இரண்டும் தனித்தனி இயக்கம் என்பதால் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மாதிரியில் ஒரே மோட்டாரைப் பயன்படுத்தினால், சக்கரத்தின் விளிம்பு வேகமும் பல்சக்கரத்தின் வேகமும் துல்லியமாகப் பொருந்த வேண்டும். இல்லையேல் ஒன்று மற்றதை இழுத்துப் பிடிக்கும், பல் தேயும். பல்சக்கரத்தை மட்டும் மோட்டாரோடு இணைத்து, ஓடும் சக்கரங்களைத் தடையின்றிச் சுழல விடுவதே எளிது. அதற்கென ஓர் எஞ்சின், மேல்பாதைக்கு வேறோர் எஞ்சின் என்று வைத்தால், குன்னூரில் எஞ்சின் மாற்றுவதற்கும் காரணம் கிடைத்துவிடுகிறது.

பற்சட்டத்தை அசல் அளவில் வெட்ட முயல வேண்டாம். அசல் பாதையில் பற்சட்டம் இணையாக ஓடும் இரண்டு சட்டங்களால் ஆனது; அவற்றுக்கு இடையே 44 மி.மீ. உள்ளது, மாதிரியில் அது அரை மி.மீ. ஆகிவிடும். பெட்டிகளைத் தள்ளி ஏற்றுவதால் அவற்றின் அடித்தட்டில் எடை சேர்க்க வேண்டும்; இலேசான பெட்டி வளைவில் தடம் புரளும். ஈரத்துக்கு, பலகைகளின் எல்லாப் பக்கங்களுக்கும், வெட்டு விளிம்புகளுக்கும் சேர்த்து, வார்னிஷ் அடித்த பிறகே தண்டவாளம் பதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பலகை சற்று உப்பினாலும் பல் கடிப்பது தவறிவிடும். தண்டவாளம் பித்தளையாக இருக்கக் கூடாது, நிக்கல் சில்வர் எனும் உலோகக் கலவைதான் வேண்டும். பித்தளையில் படியும் கறை மின்சாரத்தைத் தடுக்கும்.

அம்மாவின் கேள்விக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1946-இல் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தில், மாணவர்கள் தொலைபேசி ரிலேக்களை (மின்காந்த ஸ்விட்சுகளை) கொண்டு ரயில்களை இயக்கினார்கள். கணினித் துறையின் தொடக்ககால வல்லுநர்கள் சிலர் அந்த அறையில் உருவானவர்கள்தான். தொழிற்சாலையில் ஒரு பொறியாளர் பிறர் கேட்டதைப் பிறர் குறித்த தேதிக்குள் செய்து கொடுக்கிறார். தான் விரும்பியதைத் தன் அளவுகோலின்படி, திருப்தி வரும்வரை செய்து பார்க்க அங்கே இடம் இருப்பதில்லை. இத்தனை ஆண்டுகள் நோட்டுகளில் வரைந்து வைத்தவருக்கு அந்த இடம் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. செலவைப் பொறுத்தவரை, முதல் ஆண்டில் எஞ்சினே வாங்க வேண்டாம். பலகை, தண்டவாளம், நிலையக் கட்டடம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். பற்சட்டத்துக்கு முன்னோட்டமாக அரை மீட்டர் துண்டு ஒன்றைத் தனிப் பலகையில் போட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் அதே அறையில் வைத்துப் பார்க்கட்டும். அது கோணாமல் இருந்தால் மற்றதைத் துணிந்து தொடங்கலாம்.