கண்ணாடிக் கடை ஊழியர் தொழிலில் உயர்வது எப்படி?

உவர்மலை இளைஞன் கேட்டது:
திருகோணமலை நகரில் ஒரு கண்ணாடிக் கடையில் சில ஆண்டுகளாக வேலை செய்கிறேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தவன். பிரேம் காட்டுவது, லென்ஸ் விலை சொல்வது, தளர்ந்த கண்ணாடியை இறுக்கிக் கொடுப்பது ஆகியவற்றோடு என் வேலை நின்றுவிடுகிறது. குடும்பச் சூழ்நிலையால் கொழும்பில் தங்கிப் படிக்க இயலாது. விற்பனையாளராகவே இருந்துவிடாமல் இத்தொழிலில் தேர்ச்சி பெற நான் எதிலிருந்து தொடங்க வேண்டும்?

பழைய ஊழியர்:
தம்பி, அளவெடுப்பதிலிருந்து தொடங்குங்கள். புதுக் கண்ணாடி அணிந்தவர் தலை சுற்றுகிறது என்று திரும்பி வந்தால், பல கடைகளில் “போடப் போடப் பழகிவிடும்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அளந்து பார்க்காமல் அப்படிச் சொல்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. −6.00 பவர் லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 5 மில்லிமீற்றர் விலகினால், விலகலைச் சென்ரிமீற்றரில் எடுத்துப் பவரால் பெருக்கும் பிரென்டிஸ் விதிப்படி, அந்தக் கண்ணில் 3 பிரிசம் (ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் விளைவு) தேவையின்றி உருவாகிறது. இதை லென்ஸின் பவரையும் மையத்தையும் அளக்கும் கருவியான லென்ஸோமீற்றரில் கண்டுபிடித்துக் காரணத்தோடு விளக்கக்கூடியவரை எந்த முதலாளியும் எளிதில் இழக்க விரும்பமாட்டார். கண்மணித் தூரத்தை மூக்கின் நடுவிலிருந்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்கப் பழகுங்கள். தூரப் பார்வையிலிருந்து கிட்டப் பார்வை வரை பவர் படிப்படியாக மாறும் புரோகிரசிவ் லென்ஸுக்குக் கண்மணியின் உயரம் குறிப்பதென்றால், பிரேமை அணிபவரின் முகத்துக்கு ஏற்ப வளைத்துப் பொருத்திய பின்னரே குறிக்க வேண்டும். ஒரு திசையில் மட்டும் செயல்படும் சிலிண்டர் பவரை மாற்றி எழுதும் கணக்கு உங்களுக்கு ஒரு மாலையில் வந்துவிடும்; கோளப் பவர் / சிலிண்டர் பவர் × அச்சு என்ற வரிசையில் +2.00 / −1.00 × 180 என்பதும் +1.00 / +1.00 × 90 என்பதும் ஒரே லென்ஸ்தான்.

கிண்ணியாத் தொழிலர்:
மேலே ஐயா சொன்னவற்றோடு, வருபவரின் தொழிலைக் கேட்டறியும் பழக்கமும் வேண்டும். நமது மாவட்டத்தில் கடலை நம்பி வாழ்பவர்கள் அதிகம். நீரில் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைப் போலரைஸ்டு லென்ஸ் நன்றாகக் குறைக்கும். ஆனால் அதே லென்ஸ் வழியாகச் சில ஜீபீஎஸ் திரைகள் இருண்டு தெரியலாம் என்பதால், படகு ஓட்டுபவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலை பின்னுபவர் எவ்வளவு தூரத்தில் கையை வைத்து வேலை செய்கிறார் என்று அளந்து, கண் பரிசோதிப்பவருக்கு எழுதிக் கொடுங்கள்; பவரை நாமாக மாற்றக் கூடாது. திடீரென மின்னல் போன்ற ஒளியோ, கரும்புள்ளிகளோ தெரிவதாக ஒருவர் சொன்னால், பிரேம் காட்டுவதை நிறுத்திவிட்டு அன்றே அவரை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள், ஏனெனில் அது விழித்திரை கிழிவதன் அறிகுறியாக இருக்கலாம். சிங்களத்திலும் இவற்றை விளக்கப் பழகினால் உங்களைத் தேடி வருவோர் பெருகுவார்கள்.

இலண்டன்வாசி:
சான்றிதழைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் தேசிய தொழில் தகைமை 7 மட்டங்களைக் கொண்டது. வேலையிலேயே கற்ற திறனை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறையும் அதில் உண்டு. உங்கள் தொழிலுக்கு அது கிடைக்குமா என்று மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவிடம் முதலில் விசாரியுங்கள். பிரித்தானியாவில் கண்ணாடி பொருத்தும் இத்தொழிலுக்குரிய “டிஸ்பென்சிங் ஒப்டிஷியன்” என்ற பெயரைப் பயன்படுத்தவே பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுக்குத் தேர்வும் மேற்பார்வையுடனான பயிற்சியும் அவசியம். அனுபவத்தை மட்டும் காட்டி இங்கு அந்தப் பெயரில் வேலை பெற முடியாது.

உவர்மலை இளைஞன்:
மிக்க நன்றி. லென்ஸோமீற்றரை மூத்தவர் ஒருவரே கையாளுகிறார். நான் எப்படிப் பழகுவது?

பழைய ஊழியர்:
ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் ஒவ்வொரு கண்ணாடியையும் ஒப்படைப்பதற்கு முன்பு இரண்டாம் முறை சரிபார்க்க அனுமதி கேளுங்கள். திரும்பி வரும் கண்ணாடிகள் குறைவதால் கடைக்கும் இலாபமே. உங்கள் அளவை முதலில் எழுதிவிட்டு, பிறகு மூத்தவரின் அளவோடு ஒப்பிடுங்கள்; வேறுபாடு எங்கே வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.