ஏப்ரல் 23: பலகையில் என்ன எழுதுவது?

குழு: நூலக வாசகர் வட்டம்

செல்வி (நூலகம்), மாலை 6.42
நாளைக்குப் பலகையில எழுதப்போறது இது. எல்லாரும் ஒரு தடவை பாத்துருங்க.
"ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள். 1616இல் ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாளில் மறைந்தனர். ஷேக்ஸ்பியர் பிறந்ததும் இதே தேதி."

ராமலிங்கம் ஐயா, 6.50
முதல் வரி சரிம்மா. மத்த ரெண்டையும் மாத்தணும். ரெண்டு பேர் பேருலயும் 23ன்னு தேதி இருக்கு, ஆனா அது ஒரே நாள் இல்ல. செர்வான்டிஸோட ஸ்பெயின் 1582லயே, இப்ப நாம பயன்படுத்துற கிரிகோரியன் நாள்காட்டிக்கு மாறிடுச்சு. அக்டோபர் 4 வியாழன், மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி. இங்கிலாந்து 1752 செப்டம்பர் வரைக்கும் பழைய ஜூலியன்லயே இருந்துச்சு. 1616ல வித்தியாசம் 10 நாள். ஷேக்ஸ்பியர் போன ஏப்ரல் 23, ஸ்பெயின்காரங்களுக்கு மே 3.

பஷீர், 6.53
கிழமை வெச்சுப் பாத்தா பளிச்னு தெரியும் ஐயா. போன் நாள்காட்டி 1616 வரைக்கும் போகலைன்னா 2016ஐத் திறங்க. கிரிகோரியன்ல 400 வருஷத்துக்கு 1,46,097 நாள், ஏழால மிச்சமில்லாம வகுபடும், அதனால கிழமை அப்படியே திரும்பி வரும். 2016 ஏப்ரல் 23 சனி. மே 3 செவ்வாய். செர்வான்டிஸ் இருந்த மாட்ரிட்ல சனிக்கிழமை, ஷேக்ஸ்பியர் இருந்த ஸ்ட்ராட்ஃபோர்டுல செவ்வாய்க்கிழமை.

கவிதா, 6.55
அப்போ செர்வான்டிஸ் மட்டும் 23ஆ?

ராமலிங்கம் ஐயா, 7.01
அதுவும் இல்லம்மா. அவர் இறந்தது 22, அடக்கம் 23. அடக்கம் பண்ணின தேதிதான் இறந்த தேதின்னு பரவிடுச்சு. பழைய சர்ச் பதிவேட்டைப் பாக்கும்போதெல்லாம் எதோட தேதின்னு முதல்ல கேக்கணும். ஷேக்ஸ்பியர் பிறந்த நாளுக்கு ஆவணமே கிடையாது. ஞானஸ்நானம் 1564 ஏப்ரல் 26ன்னு இருக்கு, அதுலேருந்து மூணு நாள் பின்னால போய் 23ன்னு வெச்சுக்கிட்டாங்க. இறந்த தேதி அப்படி இல்ல, கல்லறை மேல இருக்கிற நினைவுச்சின்னத்துலயே 23ன்னு வெட்டியிருக்கு.

செல்வி (நூலகம்), 7.04
எல்லாத்துக்கும் 10 நாள் கூட்டினாப் போதுமா ஐயா?

ராமலிங்கம் ஐயா, 7.12
போதாது. ஜூலியன்ல நாலு வருஷத்துக்கு ஒரு லீப், விலக்கே இல்ல. கிரிகோரியன்ல 1700, 1800, 1900 லீப் இல்ல. அதனால 1700 பிப்ரவரி வரைக்கும் 10, அப்புறம் 11, 12, 1900 மார்ச்லேருந்து 13. 1600ம் 2000மும் ரெண்டுலயும் லீப், அங்க வித்தியாசம் ஏறாது. ரஷ்யாவோட அக்டோபர் புரட்சி நவம்பர் 7ல வர்றது இந்த 13னாலதான்.
தப்பு நடக்கிற இடம் ரெண்டு. ஒண்ணு, ஏற்கெனவே மாத்தி எழுதின தேதிய மறுபடி மாத்துறது. இன்னொண்ணு வருஷம். 1752க்கு முன்னால இங்கிலாந்துல புது வருஷம் மார்ச் 25லதான் பிறக்கும். இங்கிலாந்து ராஜா முதலாம் சார்லஸைத் தூக்கு மேடையில தலைய வெட்டினது நமக்கு 1649 ஜனவரி 30, அவங்க ஏட்டுல 1648.

பஷீர், 7.15
தூக்கு மேடை இல்ல ஐயா, வெட்டு மேடை.

ராமலிங்கம் ஐயா, 7.16
ஆமா தம்பி, வெட்டு மேடைதான். திருத்திக்கோங்க.

கவிதா, 7.18
யூடியூப்ல ஏறின முதல் வீடியோவும் 2005 ஏப்ரல் 23 தானே, பசங்களுக்குப் பிடிக்குமே?

பஷீர், 7.22
சேக்கலாம் அக்கா, ஆனா 'கலிபோர்னியா நேரப்படி'ன்னு போடணும். யூடியூபை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர் ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில யானைங்க முன்னாடி நின்னு பேசுற 19 விநாடி. ஏத்தினது அங்க ராத்திரி 8.31. ஏப்ரல்ல அவங்களுக்குக் கோடைக்கால நேரம், நமக்கும் அவங்களுக்கும் பன்னிரண்டரை மணி. இங்க 24ம் தேதி காலை 9.01. குளிர்காலமா இருந்தா பதிமூன்றரை.
சோவியத் விண்கலம் சோயுஸ் 1 விபத்தையும் சில பட்டியல்ல இதே நாள்ல போடுவாங்க. 1967 ஏப்ரல் 23 கிளம்பினது மட்டும்தான். பாராசூட் சரியா விரியாம, அதுல போன விண்வெளி வீரர் கோமரோவ் இறந்தது 24.

செல்வி (நூலகம்), 7.25
சிக்கலே இல்லாதது ஏதாவது சொல்லுங்க.

கவிதா, 7.26
எஸ். ஜானகி பிறந்தது 1938. சத்யஜித் ராய் மறைந்தது 1992, கொல்கத்தா. ரெண்டும் ஏப்ரல் 23தான்.

ராமலிங்கம் ஐயா, 7.31
யுனெஸ்கோ 1995ல இந்த நாளைத் தேர்ந்தெடுத்ததையும் சேரும்மா. அதுக்கு முன்னாலயே 1930லேருந்து ஸ்பெயின்ல இதுதான் புத்தக நாள். பார்சிலோனாவுல புனித ஜோர்டி திருநாள், ரோஜாவும் புத்தகமும் குடுத்துக்குவாங்க.

செல்வி (நூலகம்), 7.48
இப்போ?
"ஏப்ரல் 23, உலகப் புத்தக நாள் (யுனெஸ்கோ, 1995). 1616: செர்வான்டிஸ் அடக்கம், மாட்ரிட், புதிய நாள்காட்டி. 1616: ஷேக்ஸ்பியர் மறைவு, பழைய நாள்காட்டி, இன்றைய கணக்கில் மே 3. 1938: எஸ். ஜானகி பிறப்பு. 1992: சத்யஜித் ராய் மறைவு. 2005: யூடியூபின் முதல் வீடியோ, கலிபோர்னியா நேரப்படி."

ராமலிங்கம் ஐயா, 7.50
இதையே எழுதும்மா. இடம் பத்தலைன்னா யூடியூபை எடுத்துடு, 'மே 3'ஐ எடுத்துடாத.