மின்தடைக்குப் பிறகு மோடத்தின் அமைப்பு நிலைக்கவில்லை: வழிகாட்ட வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். மன்னார்குடிக்கு அருகே எங்கள் வயலில் ஆழ்குழாய்க் கிணற்றின் நீர்மட்டத்தைப் பதிவுசெய்யும் கருவியை, அங்கே கைப்பேசி சிக்னல் சரியாக எட்டாததால், தரைவழித் தொலைபேசியில் ஒரு பழைய டயல்அப் மோடம் வழியாக இணைத்திருக்கிறோம். மேட்டூர் அணை திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும்வரை நாற்றங்காலுக்கு இந்தக் கிணறே ஆதாரம் என்பதால், மட்டம் இறங்குவதை வீட்டிலிருந்தே அறிவது எங்களுக்கு மிகவும் முக்கியம்.

1981இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடத்தின் வழிவந்த ஏடி கட்டளைகளையே (மோடத்தை இயக்கத் தட்டச்சிடும் கட்டளைகள்) இந்த மோடமும் ஏற்கிறது. 'ஏடிஎஸ்0=1' கொடுத்தால் முதல் மணியிலேயே தானாக அழைப்பை எடுக்கிறது; 'ஏடி&டபிள்யூ' கொடுத்தால் 'ஓகே' என்று சேமித்துக்கொள்கிறது. ஆனால் மின்சாரம் போய்த் திரும்பியதும் எடுப்பதில்லை. 'ஏடி&வி' கொடுத்துப் பார்த்தால், சேமித்த அமைப்புத் தொகுப்பில் எஸ்0 (எத்தனையாவது மணியில் எடுப்பது என்ற அமைப்பு) மதிப்பு 1 என்றே இருக்கிறது; நடப்புத் தொகுப்பில் மட்டும் 0, அதாவது தானாக எடுக்காத நிலை, ஆகியிருக்கிறது. தொடக்கத் தொகுப்பைத் தேர்ந்தெடுக்கும் 'ஏடி&ஒய்0' கட்டளைக்கு 'எரர்' என்று பதில் வருகிறது.

பதிவுக் கருவியே உயிர்பெறும்போது 'ஏடி&எஃப்' அனுப்பி மோடத்தைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிடுகிறதோ என்பது என் வலுவான ஐயம். தொடர் இணைப்புக் கம்பியில் அந்தக் கருவி அனுப்பும் எழுத்துகளை மட்டும் மடிக்கணினியில் படிக்க எளிய வழி உண்டா?

மழைக்காலத்தில் லைனில் இரைச்சல் கூடி 'நோ கேரியர்' (மறுமுனை மோடத்தின் சமிக்ஞை இல்லை) என்று துண்டிக்கப்படுவது மற்றொரு சிக்கல். இணைப்பு முறையைத் தேர்ந்தெடுக்கும் 'ஏடி+எம்எஸ்' கட்டளையால் வி.32 முறைக்கு, அதாவது நொடிக்கு 9600 பிட்டுக்கு, வேகத்தைக் கட்டுப்படுத்துவது போதுமா, மறுமுனைச் சமிக்ஞைக்காக மோடம் காத்திருக்கும் எஸ்7 நேரத்தையும் கூட்ட வேண்டுமா என்பதைக் கையாண்டு பார்த்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.